டயருக்கு ஒரு கல்

நாலு மணிக்கு ஹப்புத்தளை ஸ்டேஷனடியில்
முதலில் நான் இருமுகிறேன்,
பிறகு ஜீப் இருமுகிறது.

ஐந்து ஸ்ரீ வண்டி. என்னைவிட நாலு வயது மூத்தது.
கதவுக்குக் கயிறு, ஹோனுக்கு என் வாய்.
ஆளுக்கு மூவாயிரம்.
சூரியன் வராவிட்டால் காசு திரும்பாது என்று
முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுவேன்.
மூடுபனிக்கு யார் பிணை நிற்பது?

பின்னால் நாலு பேர்,
ஹோட்டல் கம்பளியோடே ஏறிவிட்டவர்கள்.
முன்சீட்டில் வூலான்.
ஜாவாக்காரி.
எங்கள் ஊரிலும் விடியல் பார்க்க ஜீப் உண்டு,
எரிமலை விளிம்புவரை போகும் என்றாள்.
உங்கள் மலையில் நெருப்பு இருக்கிறதா?
அரைகுறை இங்கிலீஷில் துழாவிச் சொன்னேன்:
இருக்கிறது மிஸ், இஸ்டோர் அடுப்பில்.

தம்பேதென்ன தாண்டினால் தார் முடிந்துவிடும்.
அதற்குமேல் ரோட்டு என்பது பேச்சுக்குத்தான்.
மழை தின்ற கான், உருண்டு வந்து குந்திய பாறை,
லைட் வெளிச்சத்தில் ஒரு முயலின் பின்புறம்.
எட்டாம் நம்பர் மலை வளைவில்
செகண்ட் கியர் விழாது எனக்கு.
எப்போதும் ஒரு கெட்ட வார்த்தை சொல்வேன், விழும்.
அன்றைக்கு வாயைத் திறக்குமுன் அவள்,
கிளட்சை இரண்டு தரம் மிதியுங்கள்.
மிதித்தேன்.
வெண்ணெயில் கத்தி போல விழுந்தது.
கொஞ்சம் ரோசமாகத்தான் இருந்தது.

முனையில் நிறுத்தினேன்.
ஹேன்ட்பிரேக் பிடிக்காது.
அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.
இறங்கியவள்
ஓரத்தில் கிடந்த கல்லைக் காலால் உருட்டி
பின்டயருக்கு அடியில் கொடுத்தாள்.
ஒரு உதை உதைத்துப் பார்த்தாள்.
கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

கிழக்கே கோடு கிழித்தது.
பள்ளத்தில் பனி திரிந்த பாலாய்ப் பிரிந்து
வெல்லவாயப் பக்கம் பெயர் தெரியாத ஒரு குளம்
செம்பு நிறத்தில் கண்ணைக் காட்டிற்று.
நாலு பேரும் பேச்சை நிறுத்தினார்கள்,
கேமராக்கள் பேசின.

அவள் பார்த்தது என் பானட்டை.
அப்பா இருபத்தாறு வருஷமாக ஓட்டுகிறார், என்றாள்.
ஒருநாளும் விடியலைப் பார்த்ததில்லை.
அந்த நேரம் வண்டிக்கு அடியில் இருப்பார்.
சாம்பல் போய் ஃபில்டரை அடைத்துவிடும்.
உங்களுக்கு என்ன அடைக்கும்?

சேறு, என்றேன். சில நாள் அட்டை.

ரேடியேட்டருக்கு ஊற்றிக்கொண்டிருந்த போத்தல்
கையில் பாதியில் நின்றது.
பதினோரு வருஷம்.
எனக்கு விடிவதெல்லாம்
இந்தத் தகரத்தில் விழுகிற வெளிச்சத்தில்தான்.
திரும்பிப் பார்த்தேன்.
சூரியன் ஏற்கெனவே வெளுத்து
வெறும் காலையாகியிருந்தது.

இறங்கி வருகையில் பெரட்டு முடிந்து
படங்கு கட்டிய பெண்கள் ஏறி வந்தார்கள்.
பின்சீட்டில் கேமராக்கள் மறுபடி நிமிர்ந்தன.
நடுவில் என் கொழுந்தியா,
கொழுந்துக்குப் போகிறவள்,
படத்தில் அழகாக விழும்படி சிரித்துக்கொண்டே கத்தினாள்:
"மச்சான், கேஸ் சிலிண்டர் காசு என்னாச்சு?
மாசம் ரெண்டாகுது!"

என்ன சொல்கிறார், என்றார் கம்பளிக்காரர்.
குட் மோர்னிங் சொல்கிறாள் சேர்.

வூலான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.
தமிழ் தெரியாது அவளுக்கு.
ஜீப்காரன் வீட்டில் வளர்ந்தவள்,
கடன் கேட்கிற குரல் தெரிந்திருக்கும்.

ஸ்டேஷனடியில் எல்லோரும் இறங்கிப் போனார்கள்.
நாலு பேரும் சேர்ந்து ஐந்நூறு வைத்தார்கள்.
அவள் ஒன்றும் வைக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.
பாயை உதற முன்சீட்டுப் பக்கம் குனிந்தால்
அந்தக் கல்.
மேலேயிருந்து எப்போது எடுத்து ஏற்றினாளோ,
ஒரு பக்கம் இன்னும் ஈரம்,
மறுபக்கம் என் டயரின் பூ.

நாளைக்கும் சாய்வில்தானே நிறுத்த வேண்டும்.